நாய்க்கு இடம் உண்டா, இல்லையா? நெடுஞ்சாலை விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில், கன்னியாகுமரியிலிருந்து ஓசூர் வரை லாட்ஜும் மோட்டலும் ஓட்டலும் நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம்.

நாய்களிடம் அன்பு காட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அது அவரவர் மனசு. லாட்ஜ் உங்களுடையது, கடன் வாங்கிக் கட்டியது, உள்ளே யாரை விடுவது என்பது உங்கள் இஷ்டம். குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சிலர் அதை போனில் எடுத்துக் காட்டி உங்களிடமும் சண்டைக்கு நிற்பார்கள். அது குடியிருப்பவர்களுக்கான விஷயம், ஒரு ராத்திரி தங்க வருகிறவனுக்கு அதில் உரிமை ஒன்றும் இல்லை. ஆகவே 'நாய்க்கு அனுமதி இல்லை' என்று நீங்கள் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த இடம் பார்ப்பேன். நான் கேட்பது அதற்கும் முந்தைய காரியம். உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, அதை முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். வாசல் பலகை, போன் எடுக்கிற பையன், ரூம் புக் செய்கிற ஆப் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லட்டும்.

நானும் என் மனைவியும் எங்கள் நாய் செவலையும் திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில் போய் வந்தோம். நம் ஊர் வழியாகப் போகும் இந்த 44 தான் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் நம் பக்கத்துச் சாலை வாரணாசிக்குப் போகும் என்.எச். 7-இன் பகுதியாக இருந்தது. பழைய ஆட்கள் வாயில் இன்னமும் அந்த ஏழுதான் வருகிறது.

ரயிலில் போகலாமே என்பீர்கள். முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ, அதாவது கதவு போட்ட தனி அறை, முழுசாக நம் பெயருக்குக் கிடைத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள இரும்புக் கூண்டுதான். விமானத்தில் செவலை அளவு நாய் என்றால் சாமான்களோடு சாமானாகத்தான் போக வேண்டும். நடுத்தர உயரமுள்ள ஒரு நாட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வடக்கே போக நினைக்கிறவனுக்குச் சொந்தக் கார்தான் வழி. இப்படிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சுங்கச்சாவடி வரிசையில் கண்ணாடிக்கு வெளியே நீண்டிருக்கும் மூக்குகளைப் பார்த்தாலே தெரியும். அவர்கள் எல்லோரும் ராத்திரி எங்கேயாவது ரூம் எடுக்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள். உங்களுக்கும் இது வியாபாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் ராத்திரி. தொப்பூர் கணவாய் ஏறி, லாரிகளுக்கு நடுவில் உருண்டு வந்த களைப்பு. ஆப்பில் செல்லப் பிராணிக்கு அனுமதி என்று போட்டிருந்த ஒரு விடுதியில் ரூம் போட்டிருந்தோம். மதியமே போன் செய்து கேட்டபோது 'வாங்க சார், பிரச்சினை இல்லை' என்று பதில் வந்தது. போய் நின்றால், மேனேஜர் மேசையைச் சுற்றி வெளியே வந்து செவலையை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன ஜாதி சார்?" நாட்டு நாய் என்றேன். "ஜாதி நாய்னா விட்டுருப்போம். இது தெரு நாய் மாதிரில்ல இருக்கு." மனிதர்களிடம் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வியை நாய் விஷயத்திலாவது நேராகக் கேட்டார், அந்த மட்டும் சந்தோஷம். பிறகு ஒரு சலுகையும் சொன்னார்: ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் கட்டிப்போடலாம், காலையில் அவிழ்த்துக்கொள்ளலாம்.

செவலை கழுத்துப் பட்டையில் எங்கள் போன் நம்பர் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் லேப்ரடார் ஒன்றுக்கு மாடியில் ஏ.சி. ரூம் கிடைத்திருக்கும், அதன் அட்டையை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எந்த நாய் கடிக்கும், எது படுக்கையை நாசம் செய்யும் என்பதை ரோமத்தின் நீளம் பார்த்துச் சொல்ல முடியாது.

தருமனையும் இப்படித்தான் செய்தார்கள். மனைவியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழ, ஒற்றை நாயோடு இமயம் ஏறி வந்த மனுஷனிடம், தேரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் 'நாய்க்கு இடமில்லை' என்று இந்திரன் சொன்னான். அடிவாரத்திலேயே ஒரு பலகை வைத்திருந்தால் அவன் வேறு ஏற்பாடு பார்த்திருப்பான். அங்கே அது சோதனை, கடைசியில் நாயே தருமதேவதை என்று ஆனது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரிசப்ஷனில் நிற்கிற எங்களுக்கு அப்படி ஒரு திருப்பம் வருவதில்லை.

அன்றைக்கு ரூம் கொடுத்தது லாரி டிரைவர்கள் தங்குகிற ஒரு பழைய லாட்ஜ். பெஞ்சில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து கேட்டது இரண்டே கேள்வி. "கடிக்குமா? ராத்திரி கத்துமா?" இரண்டுக்கும் இல்லை என்றோம். கீழ்த்தளத்தில் பின்கதவுக்குப் பக்கத்து ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார். மொசைக் தரை, பிளாஸ்டிக் வாளி, ஒரு கட்டில். நாயோடு வருகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ரூம் கிடையாது. தரையைத் துடைத்தால் போதும், மாடிப்படி இல்லை, விடியற்காலை நாலரைக்கு நாயை ஒன்றுக்குக் கூட்டிப் போக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் கீழ்த்தளத்தில் இப்படி ஒரு ரூமை விட்டுவைத்தால் அது வயசானவர்களுக்கும் உதவும்.

கடைசி நேரத்தில் இல்லை என்பது எங்களை ஏன் இந்த அளவுக்கு வதைக்கிறது என்றால், நாயைக் காரில் விட்டுவிட்டு நாங்கள் வேறு எதையும் செய்ய முடியாது. வெயிலில் நிறுத்திய கார் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். காருக்குள் காற்றே கொதிக்கும்போது இரைத்து என்ன பயன்? உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மாசிக் கடைசியில் அனந்தப்பூர், கர்னூல் பக்கம் போகும்போதே மதியத் தார் காலைப் பொசுக்கியது. புறங்கையைத் தார்மேல் வைத்து ஐந்தாறு விநாடி தாங்கவில்லை என்றால் நாயை அதில் நடக்க விடக் கூடாது. சித்திரையில் திரும்பி வந்தபோது நாக்பூருக்கும் ஆதிலாபாத்துக்கும் நடுவில் காலை பத்து மணிக்கே அந்தச் சோதனை தோற்றது.

அதனால் நெடுஞ்சாலையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். ஒருவர் ஏ.சி. போட்டுக் காரில் இருக்க, மற்றவர் உள்ளே போய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். ஓட்டலுக்குள் நாய் வேண்டாம் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. சமையலும் பரிமாறலும் நடக்கிற இடத்தில் மிருகம் கூடாது என்பது சரிதான், உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் வெளியே ஒரு நிழல் இருக்கலாமே?

இந்த இடத்தில் நம் ஆட்கள் வடக்கத்தியர்களிடம் தோற்றுப் போகிறார்கள். நாலுவழிச் சாலை வந்தபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. அதற்குப் பிறகு முளைத்த நம் மோட்டல்களின் முன்பக்கம் முழுக்கப் பேவர் பிளாக், கண்ணாடிச் சுவர், செயற்கைப் புல். பத்துப் பேருந்து நிற்கிற முற்றத்தில் ஒரு வேம்பு கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோன் பக்கம் ஒரு டாபாவில் தகரக் கூரைக்கு வெளியே மரத்தடியில் கயிற்றுக் கட்டில்கள் கிடந்தன. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை, அதுதான் மேசை. செவலை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். நாங்கள் மேலே உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் தின்றோம். நாயோடு உட்காரலாமா என்று நாங்கள் கேட்கவும் இல்லை, டாபாக்காரர் ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்த டாபாவுக்கென்றே நாலு நாய்கள் இருந்தன. அவை வரிசையாக எழுந்து வந்து உறுமத் தொடங்கியதும் அடுப்படியிலிருந்து கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார், அவ்வளவுதான், பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன.

உங்கள் இடத்திலும் அப்படி நாய்கள் உண்டு. பின்பக்கம் மிச்சச் சோறு போட்டு வளர்க்கிறீர்கள், ராத்திரிக் காவலும் அவைதான். வெளி நாய் அந்த எல்லைக்குள் இறங்கினால் சண்டை வரும், எங்களுக்கு உண்மையான பயம் அதுதான். காரை நிறுத்தியதும் உங்கள் வாட்ச்மேன் "இந்தப் பக்கம் போங்க, அங்கே எங்க நாய் கிடக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரிய உதவி. உண்ணியும் ஒரு தலைவலி. தடுப்பு மருந்து போட்டிருந்தும் பயணம் முழுக்க ராத்திரியானால் டார்ச் வைத்துக் காது மடலையும் விரலிடுக்கையும் பார்ப்பது என் மனைவியின் வேலையாக இருந்தது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் இரண்டு நாளில் துவண்டுவிடும். ஆகவே பக்கத்தில் கால்நடை மருத்துவமனை எங்கே என்று உங்கள் ரிசப்ஷன் பையனுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. 1962 என்ற கால்நடை உதவி எண்ணையாவது சுவரில் ஒட்டி வையுங்கள். அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்குத்தான் ஓடுகிறது என்றாலும் பக்கத்து டாக்டர் யார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயம் சுலபம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, மசாலாவும் வேண்டாம். வெறும் சோறு, தயிர், அவித்த முட்டை போதும். நாமக்கல் வழியாகப் போகிற சாலையில் அவித்த முட்டைக்கா பஞ்சம்? இருந்தும் மெனுவில் இல்லாததைப் போட முடியாது என்று ஓர் இடத்தில் கை விரித்தார்கள். அரியானாவில் முர்தால் டாபாக்கள் பரோட்டாவுக்குப் பேர் போனவை, முழுக்கச் சைவம், முட்டைக்கே வழியில்லை. அங்கே உப்பில்லாமல் இரண்டு வெறும் ரொட்டி சுட்டு, கெட்டித் தயிரில் பிய்த்துப் போட்டுத் தொன்னையில் நீட்டினார்கள். பில்லில் அதற்கும் காசு போட்டார்கள். போடட்டும், அதுதான் முறை.

நடுவில் ஒரு விஷயம், உங்களுக்கு இல்லை, என்னைப் போல நாயோடு போகிறவர்களுக்கு. நாக்பூருக்கும் சிவ்னிக்கும் நடுவே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை 44 குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே சாலையைத் தூண்கள்மேல் தூக்கி, விலங்குகள் அடியில் நடந்து போகிற மாதிரி ஒன்பது கட்டமைப்புகள் கட்டியிருக்கிறார்கள். புலியும் செந்நாயும் அதில் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதி வந்ததும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த செவலை எழுந்து நின்றாள். முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது, மூக்கு மட்டும் கண்ணாடி இடுக்கில் வேலை செய்தது. காட்சி நன்றாக இருக்கிறதே என்று அங்கே நாயை இறக்கிவிடாதீர்கள். நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் காய்ச்சல் மாதிரி நோய் செந்நாய்க்கும் புலிக்கும் பரவும். தேசியப் பூங்காவுக்குள் செல்லப் பிராணியைக் கொண்டுபோக அனுமதியும் கிடையாது.

சரி, திரும்ப உங்களிடம். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பதில் ஓர் 'இல்லை'தான். பானிஹால் சுரங்கப்பாதையைத் தாண்டி, காசிகுண்ட் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு அறை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தோம். எடுத்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராகச் சொன்னார்: வீட்டுக்குள் நாய் வரக் கூடாது, நாங்கள் ஐந்து வேளை தொழுகிறவர்கள், எச்சில் பட்டால் துணியெல்லாம் கழுவ வேண்டும், அம்மாவுக்கு அது கஷ்டம். ஆனால் முற்றத்தில் தனியாக ஓர் அறை இருக்கிறது, அறையைச் சூடாக்கப் புகாரி அடுப்பு உண்டு, விறகு தருகிறோம், மூன்று பேரும் அங்கே இருந்துகொள்ளலாம், கழிப்பறை மட்டும் வெளியே. வாடகை இவ்வளவு, நாய்க்குத் தனியாக இவ்வளவு. எல்லாம் ஒரே மூச்சில், நாங்கள் ஜம்முவைத் தாண்டுவதற்கு முன்பே. போனால், சொன்னது சொன்னபடி இருந்தது. குளிரில் செவலை அந்தத் தகர அடுப்பை விட்டு நகரவில்லை. அந்த வீட்டு அம்மா தினமும் காலையில் பத்தடி தள்ளி நின்று காஷ்மீரியில் அவளிடம் ஏதோ பேசிவிட்டுப் போவார்.

நாய் ஆகாது என்பதற்கு நம் ஊரிலும் நூறு நியாயமான காரணம் உண்டு. சாமி படம் இருக்கிற வீடு, சின்ன வயதில் கடி வாங்கிய பயம், ரூம் கூட்டுகிற அக்காவுக்கு மூச்சிரைப்பு. எங்கள் கூட்டத்திலும் யோக்கியர்கள் குறைவு. லாட்ஜ் துண்டால் நாயைத் துவட்டுகிறவர்கள், வெள்ளை விரிப்பில் படுக்க வைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், ரூமில் தனியாகப் பூட்டி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள், அது பக்கத்து ரூம்காரர் தூக்கத்தைக் கெடுத்தால் 'குழந்தை மாதிரி சார்' என்று சிரிக்கிறவர்கள். இவர்களிடம் ஒரு முறை சூடுபட்டவர் அடுத்து வருகிறவனை வாசலிலேயே மறிப்பார், அதில் ஆச்சரியம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அனுமதிக்கிறவர்கள் கறாராக இருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்குங்கள், சேதம் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். நாய்க்குத் தனிக் கட்டணம் போடுவதில் தப்பே இல்லை, கூடுதலாகக் கூட்டித் துடைக்க வேண்டியிருக்கிறதே. வழியில் முந்நூறும் கொடுத்தோம், ஆயிரத்தைந்நூறும் கொடுத்தோம். கடுப்பேற்றியது தொகை இல்லை. ரூம் காலி செய்து சாமானை ஏற்றிய பிறகு, யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு 'பெட் சார்ஜ்' பில்லில் எழுதப்பட்டிருக்கும், அதுதான்.

ஆப் விஷயத்தையும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். வசதிகள் பட்டியலில் உள்ள எல்லாக் கட்டத்தையும் டிக் அடித்துவிட்டால் ரூம் சீக்கிரம் போகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. நீச்சல் குளம் இல்லாத இடத்தில் நீச்சல் குளத்தை டிக் அடித்தால் வந்தவன் முணுமுணுத்துவிட்டுத் தங்கிவிடுவான். நாய் விஷயத்தில் பொய்யாக ஒரு டிக் இருந்தால் ஒரு குடும்பம் ராத்திரி நடுரோட்டில் நிற்கும். இன்றைக்கே அதைத் திறந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பலகைக்கு வாசகம் யோசிக்க நேரமில்லை என்றால் கீழே நானே எழுதித் தருகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் போட்டால் வெளியூர் வண்டிக்காரருக்கும் உதவும்.

அனுமதிக்காதவர்களுக்கு: 'நாய், பூனைக்கு இங்கே தங்க அனுமதி இல்லை. நிழலில் வண்டி நிறுத்தலாம். குழாய்த் தண்ணீர் வலது பக்கம்.'

அனுமதிக்கிறவர்களுக்கு: 'எந்த இன நாயாக இருந்தாலும் அனுமதி உண்டு. கீழ்த்தள அறை மட்டும். ஒரு இரவுக்கு ரூ. 400. முன்பணம் ரூ. 1,000. தடுப்பூசி அட்டை அவசியம். கட்டில்மேல் ஏற்றக் கூடாது. அறையில் தனியே விட்டுப் போகக் கூடாது. அசுத்தம் செய்தால் உரிமையாளரே சுத்தம் செய்ய வேண்டும்.'

இப்படிக்கு,
செவலையோடு அடுத்த முறையும் இதே சாலையில் வரப்போகிற ஒரு திருநெல்வேலிக்காரன்